கீமோ நாட்களில் வாய்ப்புண்

கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை, நடக்கும்போது வரும் வாய்ப்புண் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் போதும் என்று அது முடித்துவிட்டது. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ நடந்தபோது கூட இருந்து பார்த்தவள் என்பதால் கொஞ்சம் சேர்க்கிறேன்.

மருந்து ஏறிய ஆறாம் நாள் உதட்டின் உள்பக்கம் வெந்ததுபோல் ஆனது. எச்சில் விழுங்கவே அழுதார். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி ஆப்ப சோடா, அதில் பாதி அளவு உப்பு. இதைக் கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொப்பளிக்க நர்ஸ் சொன்னார். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம், எரிச்சல் உயிர் போகும். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை மருத்துவர் எழுதித் தந்தார். அதைத் தடவிய பிறகு ஆறிய சாப்பாடுதான் கொடுக்க வேண்டும், சூடு தெரியாமல் வாய் வெந்துவிடும். பாலில் ஊறிய இட்லி, மிளகாய் போடாத மணத்தக்காளிக் கீரை மசியல் இறங்கின. ரசம் பக்கமே போகவில்லை.

ஐந்து-எஃப்யூ (5-FU) என்ற கீமோ மருந்தை ஊசியாக ஒரே தடவையில் ஏற்றிக்கொள்பவர்கள், ஏற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருந்தால் புண் குறையும். குளிர்ச்சியில் ரத்த நாளங்கள் சுருங்குவதால் மருந்து அங்கே குறைவாகவே சேரும். ஆனால் கூடவே ஆக்ஸாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் போகிறதென்றால் ஐஸ் கூடாது, குளிர் பட்டாலே தொண்டை இறுக்குவதுபோல் ஆகும். எதற்கும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த ராத்திரியே மருத்துவமனைக்குப் போங்கள்.