கருப்புச் சட்டைக்காரரும் கொடுத்துவிட்டுத்தான் போனார்

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் மனம் குறைவு என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். என்னால் ஏற்க முடியவில்லை. என் பெரியப்பா கடைசிவரை கருப்புச் சட்டைக்காரர். அவர் இறந்த இரவு, மின்விசிறியை நிறுத்தி, தலையணையால் தலையை உயர்த்தி, மூடிய கண்கள் மேல் ஈரப் பஞ்சை வைத்தது என் அம்மா. கண்தானத்துக்கு ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டுமே! மறுநாள் உடலும் மருத்துவக் கல்லூரிக்குப் போனது. அதே அம்மா, தினமும் உலையில் போடும் முன் கோயில் அன்னதானத்துக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்து வைப்பவர்.

வடலூரில் 1867இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. யார் போனாலும் சோறு உண்டு, சாதி மதம் கேட்பதில்லை. அது நம்பிக்கை தந்த கொடை, மறுக்கவே மாட்டேன். சரி, பெரியார் நன்கொடை கொடுத்து 1965இல் திருச்சியில் அரசுக் கல்லூரி வந்ததே, அங்கே படித்து வீட்டின் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

உண்டியலில் விழுவதையும் தானமாகச் சேர்த்தால் பக்தர்கள் பக்கம் கூடுதலாகத்தான் தெரியும். ரத்தம், கண், உடல் இவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.