ஆயில் நான் வாங்கித் தருகிறேன், கூலியைச் சொல்லுங்கள்

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் முன்பெல்லாம் மைலேஜ் பற்றிப் பேசுவார்கள். இப்போது சர்வீஸ் பில்லைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒருவர் ரகசியம் சொல்வதுபோலச் சொல்வார்: "ஆயிலும் ஃபில்டரும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், பாதிப் பணம் மிச்சம்." பாதி என்பது பொய். கொஞ்சம் மிச்சமாகும் என்பது உண்மை. எந்தப் பாகத்தில் மிச்சமாகிறது, அது யாருடைய சட்டைப்பையிலிருந்து மிச்சமாகிறது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் பிரேக் பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

எனக்குப் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி கமிஷன் தொழில். சரக்கு லாரியில் போகும், பாக்கி வசூலிக்க நான் காரில் போவேன். புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று மலை ஏறி இறங்குவதுதான் என் காரின் பிழைப்பு. அதனால் கமிஷன் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் வராது. எங்கள் சீட்டில் மூட்டை விலை தனி, கமிஷன் தனி, இறக்குக்கூலி தனி. விவசாயி அதைப் பார்த்து முகம் சுளிக்கலாம், ஆனால் எவ்வளவு போனது என்று அவருக்குத் தெரியும். கார் பட்டறையில் அந்தச் சீட்டு கிடையாது. மெக்கானிக்கின் வருமானத்தில் ஒரு பகுதிதான் கூலி என்ற பெயரில் வருகிறது. மறு பகுதி நாம் வாங்கும் பாகத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

பெட்டியில் 1,000 ரூபாய் என்று அச்சிட்ட பாகம் பட்டறைக்காரருக்கு அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். நம்மிடம் அவர் வாங்குவது அச்சிட்ட விலை. சட்டப்படி இதில் தவறில்லை. வரியெல்லாம் உட்பட அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கேட்டால்தான் குற்றம். நடுவில் நிற்கும் அந்தத் தொகையில்தான் கடை வாடகை, கரண்ட் பில், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனின் சம்பளம் எல்லாம் ஓடுகின்றன. நாம் பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகும்போது அந்தத் தொகையில் ஒரு பகுதி நமக்கு வந்துவிடுகிறது. அதுவரை சரி. அதற்குப் பிறகு கூலியை நூறு ரூபாய் கூட்டிச் சொன்னால், "என்ன அண்ணாச்சி, ஆயில் மாற்றுவதற்கா இவ்வளவு?" என்று நாமே கேட்கிறோமே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. மருத்துவரிடம் போய், மாத்திரை நான் வாங்கிக்கொள்கிறேன், ஃபீஸைக் குறையுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. மெக்கானிக்கிடம் மட்டும் கேட்கிறோம்.

கேரளத்தை ஒட்டிய எல்லை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு மயக்கமும் உண்டு. அந்தப் பக்கம் மலிவு, இந்தப் பக்கம் மலிவு என்று மாறி மாறிச் சொல்வார்கள். இரண்டு மாநிலங்களும் வெவ்வேறு விற்பனை வரி போட்ட காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் அது போய்விட்டது. 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை கேரளத்தில் வெள்ள நிவாரணத்துக்காக ஒரு சதவீதம் கூடுதலாக வாங்கினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இன்று கொட்டாரக்கரையிலும் தென்காசியிலும் பெட்டியில் ஒரே விலைதான். தள்ளுபடி கடைக்காரரின் மனத்தைப் பொறுத்தது, மாநிலத்தைப் பொறுத்தது அல்ல. அதைவிட முக்கியமானது வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் வாகனப் பாகங்களுக்கு ஒரே விகிதமாக 18 சதவீத வரி வந்திருக்கிறது. முன்பு 28 சதவீதத்தில் இருந்த பாகங்கள் பல. பழைய விலை அச்சிட்ட பெட்டி இன்னும் அலமாரியில் இருந்தால், வரி குறைந்த பிறகு என்ன விலை என்று கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு கேள்வியில் மிச்சமாவதைத் தேடி மலை தாண்ட வேண்டியதில்லை.

சரி, எதை நாமே வாங்கலாம்?

வைப்பர் பிளேடு. சாரல் தொடங்குவதற்கு முன்பே வாங்கி வீட்டு வாசலில் நாமே மாட்டிவிடலாம். ஏர் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் நான்கு கிளிப்பைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். ஆடிக் காற்றில் நம் ஊர்த் தூசி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதையும் கண்ணால் பார்க்கலாம். ஏசி காற்றுக்கான கேபின் ஃபில்டர் பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், அதற்குக் கைமட்டும் போதும். பல்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பேட்டரியைக் கட்டாயம் நாமே வாங்க வேண்டும் என்பேன். வாரண்டி அட்டையில் நம் பெயரும் தேதியும் கடை முத்திரையும் இருக்க வேண்டும். பழைய பேட்டரிக்குள் இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு, பேட்டரிக் கடையில் அதைக் கழித்துக்கொள்வார்கள். பட்டறையில் மாற்றினால் பழையது எங்கே போனது என்று நாம் கேட்பதே இல்லை.

பேட்டரி தவிர இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு குணம் உண்டு. தவறான பாகம் வாங்கிவிட்டால் மாட்டும்போதே தெரிந்துவிடும். தெரியாமல் போனாலும் கார் வழியில் நின்றுவிடாது, ஆளுக்கு ஆபத்தும் வராது. என் அளவுகோல் இதுதான்.

ஆயில் இந்த அளவுகோலில் நடுவில் நிற்கிறது. வாங்குவது சுலபம், தவறாக வாங்குவது அதைவிடச் சுலபம். கார் கையேட்டில் எந்த கிரேடு என்று தெளிவாகப் போட்டிருக்கும். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் புதிய பெட்ரோல் என்ஜினுக்கு, "நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியாக இருந்தால்தான் நல்லது" என்று 20டபிள்யூ-40 ஊற்றும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகை மாசு விதிமுறை) டீசல் கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதன் புகைப்பாதையில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஆகும். கரியை அந்த வடிகட்டி தானே எரித்துத் தள்ளிவிடும், ஆயிலின் சாம்பலை எரிக்க முடியாது. அது உள்ளேயே தங்கி அடைத்துக்கொள்ளும். ஆயிலில் மிச்சம் பிடித்த தொகையைப்போலப் பல மடங்கு அதற்கு அழ வேண்டியிருக்கும்.

ஆயில் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டின் வாஷர். விலை சில ரூபாய்தான். பல கார்களில் ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். நாம் கேன் கொண்டுபோவோம், ஃபில்டர் கொண்டுபோவோம், வாஷரை விட்டுவிடுவோம். மெக்கானிக் பழையதையே திருப்பிப் போட்டு முடுக்குவார். பத்து நாளில் வாசலில் ஆயில் சொட்டு விழும். "சரியாக முடுக்கவில்லை" என்று அவர் தலையில் போடுவோம். பாகத்தைத் தன் அலமாரியிலிருந்து எடுத்திருந்தால் வாஷரையும் அவரே எடுத்திருப்பார். பாகத்தின் விலையில் ஒளிந்திருக்கும் அந்தத் தொகை சும்மா போவதில்லை. என்னென்ன வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பதற்கும், தவறானால் கடைக்கு ஓடி மாற்றிக்கொண்டு வருவதற்கும் சேர்த்துத்தான் அது.

போலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயில் ஃபில்டர் வெளியே வெறும் தகர டப்பா. உள்ளே, என்ஜினை நிறுத்தியதும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்துவைக்கும் ஒரு ரப்பர் வால்வும், ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆயிலை வேறு வழியாக விடும் இன்னொரு வால்வும் பெரும்பாலானவற்றில் இருக்க வேண்டும். போலியில் அவை பெயருக்கு இருக்கும், அல்லது இருக்காது. வெளியிலிருந்து பார்த்து உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. ஆகவே பெயர் தெரியாத விற்பனையாளரிடம் இணையத்தில் பாதி விலைக்கு வாங்குவதை நிறுத்துங்கள். பொருள் வந்து, சர்வீஸுக்கு நாள் பார்த்து, கார் பட்டறைக்குப் போவதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும். தென்காசியிலேயே பில் போட்டுத் தரும் பாகக் கடைகள் இருக்கின்றன. பழைய பாகத்தின் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாங்குங்கள். ஆயில் ஊற்றி முடிந்ததும் காலி கேனில் ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் காலி கேனுக்கு விலை கொடுப்பவர்கள் அதை எதற்கு வாங்குகிறார்கள் என்று யோசித்தால் புரியும்.

இனி பிரேக். கோட்டைவாசல் தாண்டிப் புளியரைக்கு இறங்கும் எஸ் வளைவுகளில் ஓட்டியவர்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை. முன்னால் சுமை லாரி, பின்னால் அவசரப்படும் பஸ், மழை பெய்தால் மூடுபனி. அங்கே கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், சக்கரத் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் சூடாகும் வாடை நம் காருக்குள்ளேயே வரும். இந்தச் சாலையில் ஓடும் காருக்கு பிரேக் பேட்டை நாமே வாங்கிக்கொண்டு போவதில் எனக்குச் சம்மதமில்லை. பேட் மட்டமானது என்பதல்ல காரணம். நல்ல பேட்களே கடையில் கிடைக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பெயருள்ள காரில், ஆண்டும் என்ஜினும் மாறினால் பேட்டின் அளவும் மாறும். பதினேழு எழுத்து சேஸிஸ் எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். தவறாக வாங்கிப் போனால் சக்கரத்தைக் கழற்றிப் போட்ட கார் பட்டறையின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், அன்றைக்கு அடுத்த வண்டி உள்ளே வர முடியாது. அந்த நஷ்டத்தை எந்தப் பில்லிலும் எழுத மாட்டார்கள். அதைவிட மோசம், "கிட்டத்தட்டப் பொருந்துகிறது, போட்டுவிடுங்கள்" என்று நாம் வற்புறுத்துவது.

பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் திரவமான பிரேக் ஃப்ளூயிட் இன்னும் நுட்பமானது. காற்றிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட்-4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிதான். இறக்கத்தில் பிரேக் சூடாகி, உள்ளே ஃப்ளூயிட் கொதித்து ஆவியானால், மிதிக்கும் பெடல் காற்றை மிதித்ததுபோலக் கீழே போய்விடும். ஈரம் அதிகமுள்ள நம் மலையடிவாரத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவதே புத்தி. இங்கே நீங்கள் செய்ய வேண்டியது கேன் வாங்குவது அல்ல. மெக்கானிக் புதிய கேனை உங்கள் முன்னால் உடைக்கிறாரா என்று பார்ப்பதுதான். போன மாதம் திறந்து அலமாரியில் வைத்த மீதியை ஊற்றினால் மாற்றியும் பயனில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் இந்தப் பேச்சே எடுபடாது. வெளிப் பாகத்தை உள்ளே விட மாட்டார்கள். வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது இதைப் பற்றியும் பேசியது. பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளிப் பட்டறைக்குப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக மறுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. சில நிறுவனங்களுக்கு அபராதமும் குறைந்தது. சட்டம் நம் பக்கம் இருந்தாலும், கவுண்டரில் நின்று வாதாட நம்மில் யாருக்கு நேரம் இருக்கிறது? வாரண்டி முடியும் வரை அங்கேயே விட்டுவிடலாம் என்பதுதான் என் கட்சி.

ஆனால் அங்கே மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது, அது ஆயிலைவிடப் பெரியது. செய்யப்போகும் வேலைகளை எழுதித் தரும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். என்ஜின் ஃப்ளஷ், கரி நீக்கம், ஏசி கிருமிநாசினி, அடிப்பாகப் பூச்சு, கண்ணாடிப் பாலிஷ் என்று வரிசையாக எழுதியிருக்கும். கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இல்லாத எதையும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒருமுறை மலைக்கு அந்தப் பக்கமுள்ள ஒரு சர்வீஸ் சென்டரில் நான் அப்படி நான்கு வரிகளை அடித்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பையன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தேவையான வேலையாக இருந்தால் இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுப்பாரா? பாகம் வாங்க அலைந்து சில நூறு மிச்சம் பிடிக்கும் அதே ஆள், இங்கே ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்.

வெளிப் பட்டறைக்கு வருவோம். பாகம் நான் கொண்டுவருவதாக இருந்தால் முன்னாளே போனில் சொல்லிவிடுகிறேன். இன்ன பாகம், இன்ன எண், வாஷர் உட்பட என் பொறுப்பு, கூலி எவ்வளவு? அவர் சொல்லும் தொகை வழக்கமான கூலியைவிடக் கூடவே இருக்கும், அது எனக்குச் சம்மதம். பாகம் கெட்டுப்போனால் அதை மாற்றும் இரண்டாவது கூலியும் என்னுடையது என்று நானே சொல்லிவிடுவேன். அவர் கைத்தவறு என்றால் அவர் பார்த்துத் தர வேண்டும். இந்த இரண்டையும் வேலை தொடங்குவதற்கு முன் பேசிவிட்டால் சண்டையே வராது. பேசாமல் கேனைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் அவர் முகம் மாறத்தான் செய்யும். அதற்குப் பிறகு வேலை எப்படி நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கூலியை நியாயமாகக் கூட்டி, பாகத்தை வாங்கிய விலைக்கே தரும் பட்டறை ஒன்று நம் பக்கம் வந்தால் நான் முதல் ஆளாகப் போவேன். அதற்கு மெக்கானிக்குகள் மாறுவதற்கு முன் நாம் மாற வேண்டும். கூலி 1,500 என்றால் ஓடிவிடுகிறோம், அதையே கூலி 500, பாகத்தில் ஆயிரம் என்று மறைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம்.

புனலூர், ஆரியங்காவுப் பக்கம் இருக்கும் நண்பர்கள் கீழே எழுதுங்கள்: நீங்களே பாகம் கொடுத்தால் ஆயில், ஃபில்டர் மாற்ற உங்கள் ஊரில் என்ன கூலி வாங்குகிறார்கள்? கூலியை மட்டும் தனியாகப் போடுங்கள், மொத்தப் பில் வேண்டாம்.