சேர் அப்படித்தான்

நேற்றுப் பின்னேரம் திருகோணமலை டச்சுப் பே கடற்கரையில் அண்ணையோடு இருந்தேன். கடலை தின்று முடிந்திருந்தது. வெறும் பேப்பர்ச் சுருளுக்காக ஒரு மான் வந்து அவருடைய முழங்காலை முட்டிக்கொண்டு நின்றது. போனைத் தட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்: "இந்தப் பெட்டைக்கு என்ன விசரே? அவரை எங்களுக்குத் தெரியாதா?"

யாரைப் பற்றிய பேச்சு என்று எழுதமாட்டேன். கீழே வந்து ஊகிக்கவும் வேண்டாம். பெயர் பெற்ற ஊடகக்காரர் ஒருவர் மேல் ஒரு பெண் பாலியல் முறைகேடு சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"என்ன தெரியும் அண்ணை?" என்று கேட்டேன்.

"எத்தனை வருஷமாக் கேக்கிறம்!"

அதுதான். கேட்கிறோம். அவர் வாயில் தமிழ் எப்படி வரும், எங்கே நிறுத்துவார், எங்கே சிரிப்பார் எல்லாம் தெரியும். பயிற்சிக்கு வந்த பிள்ளையிடம் கதவு சாத்திய பிறகு எப்படிப் பேசுவார் என்பது ஒலிபரப்பில் வராது.

ஜிம்மி சவிலையும் பிரித்தானியாவில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. பிபிசியில் பிள்ளைகளின் ஆசைகளை நிறைவேற்றி வைத்த மனிதர். 2011 ஒக்டோபரில் இறந்தபோது லீட்ஸில் ஆயிரக்கணக்கான சனம் வரிசையில் நின்று பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனது. அடுத்த வருஷம் பெண்கள் அவர் தங்களுக்குச் செய்ததைத் தொலைக்காட்சியில் பேசினார்கள். 2013 ஜனவரியில் வந்த பொலிஸ் அறிக்கையில் முறைப்பாட்டோடு வந்தவர்கள் ஏறக்குறைய 450 பேர், பதிவான குற்றங்கள் 214. அதற்கு முன்பே குடும்பத்தார் சொல்லி அவருடைய கல்லறைக் கல்லை இரவோடிரவாகப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் இந்த மரியாதைக்கு இன்னொரு வேர் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி 2ஆம் திகதி இதே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று படைத்தரப்பு கதை சொன்னது. ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள்தான் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி காலையில் வேலைக்குப் போகும் வழியில் அவரையும் சுட்டார்கள். ஊடகக்காரர் என்றால் நாங்கள் எழும்பி நிற்பது அப்படிப்பட்டவர்களால். அந்த மரியாதை அவர் உயிரைக் கொடுத்து எடுத்தது. மைக்கைப் பிடித்த எல்லாருக்கும் அதைப் பங்கு பிரித்துக் கொடுக்க எங்களுக்கு யார் உரிமை தந்தது?

சரி, அண்ணையின் அடுத்த கேள்விக்கு வருகிறேன். எல்லாரும் கேட்பதுதான். "இவ்வளவு காலமும் ஏன் வாய் திறக்கேல்ல?"

2003இல் கொழும்பில் ஒரு சின்ன ஊடக அலுவலகத்தில் புரூஃப் பார்த்தேன். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். ஊரே மதிக்கும். அவருடைய அறைக்குப் போவதென்றால் நாங்கள் மூன்று பெண்களும் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் போவோம். கதவை முழுக்கத் திறந்து, கீழே செருகும் மரக்கட்டையைக் காலால் தள்ளி வைத்துவிட்டுத்தான் உள்ளே. ஒருத்தி போய் ஐந்து நிமிஷம் ஆனால் மற்றவள் வாசலில் வந்து, "அக்கா, உங்களுக்கு போன்" என்று கூப்பிடுவாள். பில் கட்டாமல் பாதி மாதம் அந்த போனே வெட்டுப்பட்டுக் கிடக்கும். அது அவருக்கும் தெரியும். அப்படியும் கூப்பிட்டோம், அப்படியும் அவர் "ம்ம், போங்கோ" என்று விட்டார்.

ஏன் இப்படி என்று யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கணக்குப் பகுதி அம்மா காதுக்குள் சொன்னார்: "சேர் கொஞ்சம் அப்படித்தான் பிள்ளை, கவனம்."

ஆக, வாயைத் திறக்கவில்லை என்று யார் சொன்னது? திறந்தோம். எங்களுக்குள்தான் பேசினோம், அது உங்கள் காதுக்கு வரவில்லை. வெளியே சனம் "அவரை எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில் உள்ளே "சேர் அப்படித்தான்" ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவிலும் இதே வசனம் இருந்திருக்கிறது. 2017 நவம்பரில் தொலைக்காட்சிப் பேட்டியாளர் சார்லி ரோஸ் மேல் எட்டுப் பெண்கள் சொன்னவை பத்திரிகையில் வந்தன. அவரிடம் வேலை செய்த ஒரு பெண் மேலாளரிடம் முறையிட்டபோது, சார்லி சார்லியாக இருக்கிறார், அவ்வளவுதான் என்ற மாதிரிப் பதில் கிடைத்ததாம். வாசித்தபோது கணக்குப் பகுதி அம்மாவின் முகம்தான் வந்தது. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரால் முடிந்தது அவ்வளவு.

எழுதினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். இந்தியாவில் பத்திரிகை ஆசிரியராக இருந்து அமைச்சரான எம்.ஜே. அக்பர் மேல் ஊடகவியலாளர் பிரியா ரமணி 2018இல் வெளிப்படையாகச் சொன்னார். அக்பர் மறுத்தார், அவதூறு வழக்குப் போட்டார், அமைச்சர் பதவியை விட்டார். இரண்டு வருஷத்துக்கு மேல் குற்றஞ்சாட்டப்பட்டவராக நீதிமன்றம் ஏறி இறங்கியவர் அந்தப் பெண்தான். 2021 பெப்ரவரி 17ஆம் திகதி டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. பத்து இருபது வருஷம் கழித்தும், தான் விரும்பிய இடத்தில் ஒரு பெண் தன் முறைப்பாட்டைச் சொல்லலாம் என்று தீர்ப்பில் எழுதினார்கள். அதே 2021இல் கொழும்பிலும் பெண் ஊடகவியலாளர்கள் சிலர் ட்விட்டரில் எழுதினார்கள். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றிப் பேசியவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

பேஸ்புக்கில் யாரையும் தூக்கில் போடச் சொல்லவில்லை நான். விசாரிக்கட்டும், அவரும் தன் பக்கத்தைச் சொல்லட்டும். அவருடைய மகளின் கலியாணப் படத்தை எடுத்துப் போட்டுத் திட்டுகிறவர்களும் எனக்கு வேண்டாதவர்கள்தான். ஆனால் அந்தப் பெண் யார், எந்த ஊர், படம் இருக்கா என்று இன்பொக்ஸில் கேட்ட மூன்று பேருக்கு மட்டும் ஒன்று: இப்படிப்பட்ட குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே எங்கள் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம். மூவரில் ஒருவர் ஆசிரியர்.

அண்ணை வீடு போகும்வரை பேசவில்லை. பிறகு, "அந்த ஒஃபிஸ் கதையை அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்று கேட்டார். சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் என்னைத் திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார், வேலையும் போயிருக்கும். அது அவருக்கும் தெரியும்.

இரவு அந்தப் பெண்ணின் பதிவை என்னோடு வேலை செய்த தங்கச்சிக்கு அனுப்பினேன். இப்போது கனடாவில் இருக்கிறாள், நாங்கள் பேசி நாலைந்து வருஷம் இருக்கும். விடியப் பதில் வந்திருந்தது.

"அக்கா, உங்களுக்கு போன்."