தண்ணீரைப் பேரம் பேசாதீர்கள்

பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர்கள் யூபாங்க் ஜூனியர் – கானர் பென் இருவரின் இரண்டாவது சண்டை முடிந்ததிலிருந்து என் நண்பர் வட்டத்தில் ஒரே பல்லவி. "ரிங்கில் ஏறும் முன்பே பென் ஜெயித்துவிட்டான், ஒப்பந்த மேசையிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது." நான் மதிக்கிற ஒருவர் இதை மேலாண்மைப் பாடமாகவே எழுதியிருக்கிறார். எதிராளியின் பலத்தை நிபந்தனையால் கட்டிப்போடுவது எப்படி என்று விளக்கமாக எழுதி, கீழே கைதட்டலும் வாங்கியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

பணத்தைப் பேரம் பேசுங்கள். யார் முதலில் நடந்து வருவது, சுவரொட்டியில் யார் பெயர் மேலே வருவது, எந்த ஊர், எந்த நாள், எல்லாவற்றையும் பேசுங்கள். ஒரு மனிதனின் உடம்பில் இருக்கும் தண்ணீரைப் பேரம் பேசாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அந்த நிபந்தனை என்ன? முதல் நாள் எடை சோதனையில் 160 பவுண்டுக்குள் நிற்க வேண்டும். மறுநாள் காலை மீண்டும் எடை பார்ப்பார்கள், 170ஐத் தாண்டக் கூடாது. அதாவது எடை குறைக்கத் தண்ணீர் வற்றவைத்த உடம்பை இரவோடு இரவாக முழுதாக மீட்டுக்கொள்ளவும் தடை. "இருவருக்கும் ஒரே விதிதானே" என்கிறார்கள். ஒரே விதியா? பென் 147 பவுண்டு பிரிவிலிருந்து வந்தவன். 2025 ஏப்ரலில் நடந்த முதல் சண்டைக்கு, முதல் நாள் சோதனையிலேயே 156.4தான் இருந்தான். 170 என்ற எல்லை அவனைத் தொடப்போவதே இல்லை. 168 பவுண்டு பிரிவிலும் ஆடிய யூபாங்குக்கு அது கழுத்தில் போட்ட சுருக்கு. ஏப்ரலில் யூபாங்க் 0.05 பவுண்டு கூடுதலாக இருந்தான். 23 கிராம்கூட இல்லை. அதற்கு அபராதம் 3,75,000 பிரிட்டிஷ் பவுண்டு பணம்.

"அப்படியும் ஏப்ரலில் அவன்தானே ஜெயித்தான்" என்று ஒருவர் கேட்டார். ஜெயித்தான், மூன்று நடுவர்களும் 116-112 என்றே எழுதினார்கள். ஜெயித்த கையோடு மருத்துவமனைக்குப் போனான். நவம்பரில் அதே நிபந்தனையோடு மறுபடி ஏறி, 12வது சுற்றில் இரண்டு முறை தரையில் விழுந்தான். தோல்விக்கு எடை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பென் அன்று நன்றாகவே ஆடினான். ஆனால் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது எவ்வளவு ஆபத்து என்று விளையாட்டு மருத்துவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைத் தந்திரம் என்று பாராட்ட எனக்கு வாய் வரவில்லை.

பேரமே கூடாது என்று நான் சொல்வதாகத் திரிக்க வேண்டாம். 1987இல் அமெரிக்க வீரர் ஹாக்லரிடம் இன்னொரு அமெரிக்க வீரர் லெனார்டு பேசிய பேரத்தை நானே ரசித்திருக்கிறேன். ஹாக்லர் பெரிய தொகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார், 1.2 கோடி டாலர். லெனார்டு தமக்குக் குறைவானாலும் பரவாயில்லை என்று 12 சுற்று, ஓடியாட அகலமான ரிங், 10 அவுன்ஸ் கையுறை என்று கேட்டு வாங்கினார். ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு சண்டை போட்டிருந்த மனிதர், நடுவர்களில் இருவரின் தீர்ப்பில் வென்றார். அது மூளை. அதில் யாருடைய ரத்தமும் கெட்டியாகவில்லை. மேவெதரும் பாக்கியாவோவும் ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனை விஷயத்தில் 2010இல் முறித்துக்கொண்டு, 2015 மே மாதம்தான் ரிங்கில் சந்தித்தார்கள். ரசிகனாக எனக்கு அது எரிச்சல்தான், இருந்தாலும் அந்தக் கோரிக்கையில் ஒரு நியாயம் இருந்தது. 2023இல் பிரிட்டிஷ் வீரர் ஃபியூரி பணத்தை 70-30 என்று பிரிக்கக் கேட்டபோது உக்ரைன் வீரர் உசிக் என்ன செய்தார்? சரி, 30 போதும், நீ உக்ரைனுக்கு 10 லட்சம் பவுண்டு நன்கொடை கொடு என்றார். சண்டை அப்போது நடக்காமல் போனது வேறு கதை. விட்டுக்கொடுப்பது என்றால் அதுதான். தன்னுடையதை விட்டுக்கொடுப்பது.

மறுநாள் எடை சோதனை, உலகப் பட்டம் வழங்கும் ஐ.பி.எஃப். அமைப்பே கொண்டுவந்ததுதானே என்பார்கள். அது உலகப் பட்டச் சண்டைகளுக்கான பொது விதி. ஆளைப் பார்த்துத் தைத்தது அல்ல. 2023இல் கெர்வொண்டா டேவிஸ், ரயன் கார்சியாவை 136 பவுண்டுக்கு இறக்கி, மறுநாள் காலை 146 என்று பூட்டியது ஆளைப் பார்த்துத் தைத்தது. ஏழாவது சுற்றில் விலாவில் விழுந்த ஒரே குத்தில் கார்சியா முழங்காலிட்டான். அன்றும் இதே பாராட்டுதான்.

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன், எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். "அவன் கையெழுத்துப் போட்டானே?"

கல்லூரிக் காலத்தில் என்னோடு பயிற்சி செய்த ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். ஒரு போட்டியில் அவனுடைய பிரிவில் ஏற்கெனவே ஆள் இருந்ததால், ஒரு பிரிவு கீழே இறங்கிவிடு என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவனும் தலையாட்டினான். மாட்டேன் என்று சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்று பயம். மே மாத வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடினான். புளிப்பு மிட்டாயைச் சப்பிச் சப்பி எச்சிலை ஒரு டப்பாவில் துப்பிக்கொண்டே இருந்தான், கடைசியில் துப்புவதற்கும் எச்சில் வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டு, பேசும்போது பிய்ந்தது. எடை சரியாக இருந்தது, எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்தோம். இரண்டாவது சுற்றில் தலையில் ஒரு குத்து. திரும்பும் வழியில், நாம் எந்த பஸ்ஸில் வந்தோம் என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டான். நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல் பதில் சொன்னேன். இன்று நன்றாகத்தான் இருக்கிறான், ஆனால் என்னோடு உட்கார்ந்து ஒரு சண்டைகூடப் பார்ப்பதில்லை. அவனும் சம்மதித்தவன்தான்.

யூபாங்க் பணக்காரன், 35 வயதைத் தாண்டிய மனிதன், மறுத்திருக்கலாம் என்கிறீர்கள். மறுத்திருக்கலாம், உண்மை. 2022இல் இதே சண்டை 157 பவுண்டுக்குப் பேசப்பட்டபோது அவன் தந்தையே வெளிப்படையாக எதிர்த்தார். (அந்தச் சண்டை பென்னின் ஊக்கமருந்துப் பரிசோதனை முடிவால் நின்றது என்பதையும் பாராட்டுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.) அந்தத் தந்தை யார்? 1991 செப்டம்பரில் மைக்கேல் வாட்சனோடு ஆடிய யூபாங்க் சீனியர். வாட்சன் 12வது சுற்றுக்குப் பிறகு 40 நாள் கோமாவில் கிடந்தார். அது நடந்தது ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தில். அதை இடித்துவிட்டு அதே இடத்தில் எழுப்பிய டாட்டன்ஹாம் மைதானத்தில்தான் இப்போது மகனை 23 கிராமுக்கு அபராதம் போட்டுவிட்டு ரிங்கில் ஏற்றினார்கள்.

வாட்சனும் சம்மதித்துத்தான் ரிங்கில் ஏறினார். ஆனாலும் ரிங் அருகே உடனடி மருத்துவ ஏற்பாடு போதவில்லை என்று பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். 2000 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வாரியத்துக்குப் பொறுப்பு உண்டு என்றே தீர்ப்பளித்தது. ஆபத்து தெரிந்து ஏறினான் என்பதால் மற்றவர்கள் கை கழுவிவிட முடியாது என்று கால் நூற்றாண்டுக்கு முன்பே நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஆட்கள் இன்னும் கையெழுத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நட்சத்திரங்களை விடுங்கள். பெயரே அச்சாகாத முதல் சண்டைக்கு வரும் பையனிடம் நாளை ஒரு அமைப்பாளர் இதே நிபந்தனையை நீட்டினால் அவனுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? வக்கீல் இல்லை, மேலாளர் இல்லை, வாடகை பாக்கி மட்டும் இருக்கும். அவனிடமும் போய் இது புத்திசாலித்தனமான பேரம், கற்றுக்கொள் என்பீர்களா? மேலாண்மைப் பாடம் எழுதிய நண்பரே, உங்களைத்தான் கேட்கிறேன்.