பாரிஸ் ஒப்பந்தம் வெறும் காகிதமா?

“கார்பன் ஒப்பந்தங்களால் ஒரு கிராம் புகைகூடக் குறையவில்லை” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

உலகின் மொத்த உமிழ்வு (புவியை வெப்பமாக்கும் வாயுக்களின் வெளியேற்றம்) இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, சரி. உமிழ்வைக் குறைக்க நாடுகள் செய்த 1997 கியோட்டோ ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்திட்டும், அதைச் சட்டப்படி உறுதிசெய்யவே இல்லை. கனடா அதிலிருந்து விலகுவதாக 2011இல் அறிவித்தது. இதெல்லாம் வருத்தமான உண்மை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிகர உமிழ்வு (காடுகள் போன்றவை உறிஞ்சியதைக் கழித்தது) 2023இல் 1990ஐவிட சுமார் 37 சதவீதம் குறைவு. பொருளாதாரமோ வளர்ந்திருக்கிறது. புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்த 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின்போது, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட இந்த நூற்றாண்டுக்குள் 3 முதல் 3.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் உயரும் என்று கணித்தார்கள். இப்போதைய கொள்கைகளின்படி அது சுமார் 2.8 டிகிரி. போதாதுதான், ஆனால் பூஜ்யமல்ல.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025 உமிழ்வு இடைவெளி அறிக்கையிலும், ஐரோப்பிய சுற்றுச்சூழல் முகமையின் தளத்திலும் சரிபார்க்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.