கெய்கோ கதைய பாதில நிறுத்தாதீங்க

மேல ஒருத்தர் "கெய்கோன்னு ஒரு ஓர்காவ (கில்லர் வேல்னு சொல்றாங்களே, அந்த கறுப்பு வெள்ளை கடல் பாலூட்டி) தொட்டிலருந்து எடுத்து கடல்ல விட்டாங்க, உடனே செத்துருச்சு, அதனால தொட்டிதான் அதுங்களுக்கு சேஃப்"னு போட்டிருக்காரு, அதுக்கு இத்தன லைக் வேற. உடனேல்லாம் சாகல ப்ரோ. 1979ல ஐஸ்லாந்து பக்கம் குட்டியா பிடிச்சது, அப்புறம் மெக்ஸிகோ சிட்டில ஒரு பார்க்ல சின்ன தொட்டி, சூடான தண்ணி, உடம்பெல்லாம் தோல் வியாதி, அந்த நிலைமையிலதான் 1996ல அமெரிக்காவுக்கு மாத்துனாங்க, அங்க போயி நல்லா தேறி வெயிட்டும் ஏறுச்சு. 1998ல ஐஸ்லாந்து கடல்ல வலை கட்டுன இடத்துக்கு வந்துச்சு, 2002ல தானா நீந்தி நார்வே வரைக்கும் போச்சு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல! போய் சேந்தப்போ மெலிஞ்சும் போகல. 2003 டிசம்பர்லதான் நிமோனியால செத்துச்சு, அப்போ வயசு கிட்டத்தட்ட 27. ஐஸ்லாந்து வந்து அஞ்சு வருஷம் கழிச்சு.

இன்னொன்னையும் சொல்லிடறேன், இது முழு வெற்றின்னு சொல்றவங்களும் தப்புதான். அது வேற ஓர்கா கூட்டத்தோட கடைசி வரைக்கும் சேரவே இல்ல, நார்வேல மனுசங்களோட படகத் தேடித்தான் வந்துச்சு. ஆனா அதுக்கு காரணம் கடலா? ரெண்டு வயசு வாக்குல அம்மாகிட்டருந்து பிரிச்சு இருபது வருஷத்துக்கு கிட்ட மனுசன் கையால செத்த மீன் ஊட்டி வளத்தா வேற எப்படி இருக்கும், ஓர்கா குட்டிங்க வேட்டையையும் கூட்டத்தோட குரலையும் அம்மாகிட்டதான கத்துக்குது.

அப்புறம் அந்த "கடல்ல சுதந்திரமா இருக்குற ஓர்காவுக்கும் முதுகுத்துடுப்பு மடங்கும்" கமெண்ட், மடங்கும்தான், ஆனா அபூர்வமா. தொட்டில வளந்த ஆண் ஓர்கா எத வேணா எடுத்து பாருங்க, கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் தொங்கிட்டுதான் இருக்கும்.