நெரிசலில் நின்றால் 3 மணி நேரத்தில் மின்சாரக் கார் படுத்துவிடுமா?

பனியில் சாலை அடைபட்டால் ஹீட்டர், விளக்கு, வைப்பர் சேர்ந்து 3 மணி நேரத்தில் மின்சாரக் கார்களின் பேட்டரியைக் காலி செய்துவிடும் என்றொரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

நிற்கும் காரில் மோட்டார் மின்சாரம் இழுப்பதில்லை. ஹீட்டருக்குக் கடுங்குளிரிலும் பொதுவாக 2, 3 கிலோவாட்தான். எல்இடி விளக்கெல்லாம் கணக்கிலேயே வராது. 60 கிலோவாட்-மணி பேட்டரியில் பாதி இருந்தாலே, 2 கிலோவாட் செலவில் 15 மணி நேரம் தாங்கும். முழு பேட்டரி 3 மணி நேரத்தில் தீர, விடாமல் 20 கிலோவாட் இழுக்க வேண்டும். பயணிகள் காரில் அவ்வளவு பெரிய ஹீட்டரே கிடையாது!

10 சதவீத சார்ஜோடு மாட்டிக்கொண்டால் சிக்கல்தான் (பெட்ரோல் காருக்கும் அதே கதி). அப்போது கேபின் ஹீட்டரைக் குறைத்து, இருக்கைச் சூட்டை மட்டும் போடுங்கள். அதற்கு 100 வாட் அளவே போதும்.

சந்தேகமா? காரை நிறுத்தி ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, திரையில் சார்ஜ் எத்தனை சதவீதம் இறங்கியது என்று பாருங்கள். அந்த ஃபார்வர்டை மேலும் அனுப்ப வேண்டாம்.